கூறைப்புடவையும் என் அரைகுறை பிரெஞ்சும்

போன வருடம் ஆடி மாதம், காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் நான் வேலை பார்க்கும் பட்டுக்கடையில் நடந்தது இது. ஆடியில் எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் முகூர்த்தப் புடவை எடுக்க மாட்டார்கள். தள்ளுபடிக்கு வரும் கூட்டம் கீழ்த்தளத்தோடு நின்றுவிடும். கல்யாணப் புடவைகள் இருக்கும் முதல் மாடியில் நாங்கள் மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருப்போம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு லீவு கிடைப்பதே அந்த மாதத்தில்தான். தையில் கல்யாணம் என்றால்கூட ஆடியிலேயே வந்து புடவை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடுவார்கள்.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் என் பிரெஞ்சுக் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பட்டுக்கடையில் புடவை விரிக்கிறவளுக்கு பிரெஞ்சு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லோரும் கேட்டுவிட்டார்கள், நீங்களும் கேளுங்கள்.

பிளஸ் டூவில் நான் தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்தேன். மொழி ஆசையெல்லாம் கிடையாது, மார்க் ஆசைதான். பிரெஞ்சில் அள்ளிப் போடுவார்கள் என்று டியூஷன் சார் சொன்னார், அள்ளித்தான் போட்டார்கள். கிட்டத்தட்ட முழு மார்க். அந்தப் பெருமையைக் கடையில் சேர்ந்த புதிதில் ஒருமுறை வாய்தவறி முதலாளியிடம் சொல்லிவைத்தேன். அவர் அதை மறக்கவே இல்லை. ஒருநாள் ஒரு பிரெஞ்சுக்காரத் தம்பதி கடைக்குள் நுழைந்ததும் என்னைக் கூப்பிட்டு, நம்ம பொண்ணு பிரெஞ்சில் நூத்துக்கு நூறு என்று எல்லோர் முன்னாலும் நிறுத்திவிட்டார். எனக்கு வாயில் வந்தது இரண்டே வாக்கியம். ஒன்று என் பெயர். இன்னொன்று, இன்று வானிலை நன்றாக இருக்கிறது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வந்தது ரோஷம். புதுச்சேரியிலிருந்து ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஒரு டீச்சரிடம் சேர்ந்தேன். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். விடிகாலையில் வகுப்பு. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கே கணவர் தறியில் உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் என் மைக்கை ஆன் செய்ததும், அக்கா உங்க வீட்ல ஏதாவது இடிக்கிறாங்களா என்று கேட்டாள். தறிச் சத்தம் என்று விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் பேசும்போது மட்டும் கணவர் தறியை நிறுத்துவார். நான் அதிகம் பேசாததால் அவருக்கு வேலை கெடவே இல்லை.

பிரெஞ்சில் ஏ ஒன், ஏ டூ, பி ஒன் என்று படிப்படியாக நிலைகள் உண்டு. முதல் இரண்டும் எனக்கு விளையாட்டு மாதிரி முடிந்தன. நிறம் சொல், அளவு சொல், விலை சொல், வழி சொல் என்பதுதான் பாடமே. அதைத்தானே நான் காலை முதல் ராத்திரி வரை செய்கிறேன். பி ஒன்னில்தான் மாட்டிக்கொண்டேன். அங்கே போனதும் நிறத்தையும் விலையையும் யாரும் கேட்பதில்லை. நீ என்ன நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்கிறார்கள். கிராமம் நல்லதா நகரம் நல்லதா? குழந்தைகளிடம் செல்போன் கொடுக்கலாமா? நான் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். கிராமமும் அழகு, நகரமும் அழகு. கொடுப்பதும் நல்லது, கொடுக்காமலிருப்பதும் நல்லது. அவரவர் விருப்பம்.

டீச்சர் "பூர்குவா?" என்பாள். பிரெஞ்சில் ஏன் என்று அர்த்தம். நான் சிரிப்பேன். மறுபடி பூர்குவா என்பாள். மறுபடி சிரிப்பேன். ஒருநாள் பொறுமை போய்த் தமிழுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு நீங்க எதையும் விக்க வேணாம். நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் சொன்னது சரிதான். ஆனால் நான் என்ன செய்வது? எங்கள் தொழிலில் சொந்தக் கருத்து சொன்னால் சோறு கிடையாது. கஸ்டமர் கிளிப்பச்சையைத் தொட்டால் கிளிப்பச்சைதான் உலகிலேயே அழகான நிறம். அதே ஆள் அடுத்த நிமிஷம் கத்தரிப்பூ கலரைத் தொட்டால், நானும் அதைத்தாம்மா நினைச்சேன் என்று சொல்ல வேண்டும். கையில் எடுத்துவிட்ட புடவையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது முதலாளி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பதினாலு வருஷமாக அந்தப் பாடத்தில் நான்தான் முதல் மாணவி. இனிமேல் எனக்குக் கருத்து முளைக்காது, பி ஒன்னை விட்டுவிடலாம் என்று கணவரிடம்கூடச் சொல்லிவிட்டேன். உன் இஷ்டம் என்றார். அவரும் என்னை மாதிரிதான்.

இந்த நிலைமையில்தான் அந்தக் குடும்பம் வந்தது. ஒரு அம்மா, இரண்டு பெண்கள். அம்மாவுக்கு யாழ்ப்பாணம். கல்யாணமான கையோடு பாரிஸுக்குப் போனவர். பெண்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது அங்கேதான். மூத்தவளுக்குத் தையில் கல்யாணம். அவர்கள் ஊரில் முகூர்த்தப் புடவையைக் கூறை என்பார்கள். கூறை எடுக்கக் காஞ்சிபுரத்துக்கே நேரில் போக வேண்டும் என்பது அந்த அம்மாவின் பல வருஷத்து ஆசையாம். மறுநாள் ராத்திரி விமானம்.

வெள்ளை விரிப்பில் உட்கார வைத்து, காபி சொல்லி, நான் விரிக்க ஆரம்பித்தேன். அம்மாவும் மணப்பெண்ணும் ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் புடவை எடுக்க வந்தால் தாயும் மகளும் போடுகிற சண்டையில் மாடியே அதிரும். இங்கே சத்தமே இல்லை. அம்மா ஒரு புடவையைக் காட்டினால் மகள் "நல்லா இருக்கு" என்றாள். மகள் ஒன்றைப் பார்த்தால் அம்மா "நல்லா இருக்கு" என்றார். எதை விரித்தாலும் நல்லா இருக்கு. எனக்கே என்னைக் கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது.

கடைசியில் நான் சிவப்பில் ஒரு புடவையை எடுத்துப் போட்டேன். உடல் முழுக்க ஜரிகைக் கட்டம், இரண்டு பக்கமும் கையகலப் பார்டர், முந்தி முழுக்க ஒரே தங்கம். தூக்கினால் கை வலிக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு என்றே தனியாக எடுத்துவைத்திருப்போம். மணப்பெண் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். எவ்வளவு கனம் என்று பார்த்திருப்பாள், பாவம். அதைப் பார்த்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து மகள் வேகமாகத் தலையாட்டினாள். "நல்லா இருக்கு." "நல்லா இருக்கு." ரெண்டு பேருக்கும் ஒரே டேஸ்ட்மா என்று நானும் பெரிய மனுஷி மாதிரி சொல்லி வைத்தேன். புடவை கீழே பில் போடும் இடத்துக்குப் போனது. பில் போட்டதும் மேல் மாடிக்குப் போகும். அங்கே ஓர் அக்கா ரவிக்கைத் துணியை வெட்டி எடுத்து, முந்தியில் குஞ்சம் கட்டுவார். கத்திரி பட்டுவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது.

விரித்ததை எல்லாம் நான் மடித்துக்கொண்டிருந்தேன். மணப்பெண் தங்கையிடம் பிரெஞ்சில் பேசினாள். ஒட்டுக் கேட்க வேண்டும் என்று எண்ணமில்லை. ஆனால் புரியாத மொழி புரிய ஆரம்பிக்கிற காலத்தில் காது நம் பேச்சைக் கேட்காது. பஸ்ஸில் ஒட்டிய விளம்பரத்தைக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்குமே, அந்த மாதிரி அது பாட்டுக்குப் படித்துக்கொண்டே இருக்கும். அவள் வேகமாகத்தான் பேசினாள். ஆனாலும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தப் புடவை கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. அதைக் கட்டினால் சாக்லேட் டப்பா மாதிரி இருப்பேன். போகட்டும், அம்மாவுக்கு அதுதான் ஆசை. ஒருநாள்தானே, கட்டிவிட்டுப் போகிறேன். இதுதான் அவள் சொன்னது.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் பேசியது எனக்கு முழுதாகப் புரிந்துவிட்டது, அதுவும் சப்டைட்டில் இல்லாமல். டீச்சருக்கு உடனே மெசேஜ் போடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் அவள் சொன்ன விஷயம் உறைத்தது. உறைத்தும் நான் பேசாமல்தான் இருந்தேன். முதல் பாடம் அப்படி.

அந்த நேரம் பார்த்து அம்மா என் பக்கமாக நகர்ந்து வந்து உட்கார்ந்தார். பெண்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு இது துப்பரவாப் பிடிக்கேல்லை, தங்கச்சி. தேர் வாற மாதிரிக் கிடக்கு. என்ன செய்யிறது, பிள்ளை ஆசைப்பட்டிட்டாள். கட்டப்போறது அவள்தானே."

அவளிடம் சொல்லலாமே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்ன பதிலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. காணும் என்றால் அவர்கள் பேச்சில் போதும் என்று அர்த்தம்.

"எனக்கு வேலை செய்யப் பிரெஞ்சு காணும். பிள்ளையோட கதைக்கக் காணாது. அவளுக்குத் தமிழும் அப்படித்தான். நல்லா இருக்கு எண்டு ரெண்டு பேருக்கும் சொல்லத் தெரியும். அதால அதையே சொல்லிக்கொண்டிருக்கிறம்."

நான் கையிலிருந்த புடவையை மடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாழ்நாளெல்லாம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். ஒருவர் மேல் ஒருவருக்கு உயிர். இருவருக்கும் பிடிக்காத ஒரு புடவையை ஒருவருக்காக ஒருவர் எடுத்து, அதைக் கட்டிக்கொண்டு கல்யாணமே நடக்கப்போகிறது. இந்த இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் நான் மட்டும்தான். கீழே பில் மெஷின் சத்தம் கேட்டது. பில் போட்டால் புடவை மேலே போகும். மேலே கத்திரி இருக்கிறது.

என் டீச்சரின் குரல் காதில் விழுந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்தச் சிவப்புப் புடவை மேலேயே வந்திருக்கலாம். நான் எழுந்து மாடிப்படிக்குப் போனேன். புடவையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்த பெண்ணை நிறுத்தி, அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். கீழே முதலாளி நிமிர்ந்து பார்த்தது தெரிந்தது. புடவையை விரிப்பின் நடுவில் வைத்தேன்.

"யம்மா, இந்தப் புடவை உங்களுக்கும் புடிக்கல, பாப்பாவுக்கும் புடிக்கல. அப்புறம் இத யாருக்குமா எடுத்துக்கினு போறீங்க?"

அதையே மணப்பெண்ணிடம் பிரெஞ்சில் சொன்னேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவள் முதலில் அது பிரெஞ்சு என்றே நம்பவில்லை. பிறகு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சாக்லேட் டப்பா எனக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தங்கைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா மகளைப் பார்க்க, மகள் அம்மாவைப் பார்க்க, இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் முதலாளி மேலே வந்துவிட்டார்.

"என்னாமா நடக்குது இங்க? பில்லு போட்டாச்சு, நீ புடவைய வாங்கிக்கினு வந்து உக்காந்துக்கினு இருக்கிற."

அந்த அம்மாதான் எனக்காகப் பேசினார். கொஞ்சம் இருங்கோ ஐயா, எங்களுக்கு வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது என்றார். முதலாளி கல்லாவில் உட்கார்ந்தே வாழ்க்கையைப் பார்த்தவர். கஸ்டமர் இருங்கோ என்றால் இருந்துவிடுவார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நடந்தது சண்டை. அருமையான சண்டை. சின்னப் பார்டர் போதும், கனமில்லாமல் வேண்டும் என்றாள் மகள். கூறை என்றால் கூறை மாதிரி இருக்க வேண்டாமா என்றார் அம்மா. நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கம் தமிழாகவும் அந்தப் பக்கம் பிரெஞ்சாகவும் மாற்றிக்கொண்டிருந்தேன். தங்கையும் உதவி செய்தாள், ஆனால் சிரிப்பில் பாதியை விட்டுவிட்டாள். மகள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் பூர்குவாவில்தான் ஆரம்பித்தது. ஏன் ஜரிகை? ஏன் பெரிய முந்தி? யார் பார்க்கப்போகிறார்கள்? ஏன் இதற்காகக் காஞ்சிபுரம் வரை வர வேண்டும்? அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டார். பிறகு மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"என்ர கலியாணத்துக்கு நான் இரவல் கூறைதான் கட்டினனான். அவசரக் கலியாணம். எடுக்க வழியில்லை."

இதை நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். இரவலுக்கு பிரெஞ்சில் ஒரு வார்த்தை உண்டு. போன வாரம்தான் படித்தேன். திரையில் எந்த இடத்தில் டீச்சர் எழுதினாள் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. வார்த்தை மட்டும் வரவில்லை. வார்த்தை வராவிட்டால் நிற்காதீங்க, தெரிந்த வார்த்தைகளை வைத்துச் சுற்றிக்கொண்டு போங்க என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் சுற்றிக்கொண்டு போனேன். அன்றைக்கு நான் பேசிய பிரெஞ்சைத் தமிழில் போட்டால் இப்படித்தான் இருக்கும்: உங்கள் அம்மாவின் கல்யாணம். அன்றைக்கு அவருக்கு ஒரு புடவை இருந்தது. ஆனால் அது அவருடையது இல்லை. வேறொரு பெண்ணுடையது. கல்யாணம் முடிந்தது. மறுநாள் அந்தப் பெண்ணிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மணப்பெண் அம்மாவின் பக்கம் திரும்பினாள். தங்கையின் சிரிப்பும் நின்றுவிட்டது. அந்த ஒற்றை வார்த்தை எனக்கு வந்திருந்தால் நான் அதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன், அவளும் தலையாட்டியிருப்பாள். வராமல் போனதால் ஒரு புடவை ஒரு வீட்டிலிருந்து வந்து, ஒரு நாள் இருந்துவிட்டு, திரும்பிப் போனதை அவள் கண்ணால் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்னிடம் இதைச் சொல்லவே இல்லை என்று அம்மாவிடம் தமிழில், அவளுடைய தமிழில், தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

"நீ கேக்கேல்லையே" என்றார் அம்மா. சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. வெட்கப்பட என்ன இருக்கிறது, முதலாளிகூட ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் மணப்பெண் என் பக்கம் திரும்பினாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள். அம்மாவும் அதையே தமிழில் கேட்டார். இத்தனை மாசமாக நான் நழுவிக்கொண்டிருந்த கேள்வி, இரண்டு மொழியில், ஒரே நேரத்தில், முதலாளியின் எதிரில். எல்லாமே நல்லா இருக்குதுமா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன். அலமாரியின் மேல் தட்டில் ஒரு புடவை இருந்தது. நல்ல அரக்கு நிற உடல், இலைப்பச்சையில் அளவான பார்டர், முந்தியில் மட்டும் ஜரிகை. என் மனசுக்குப் பிடித்தது, ஆனால் வெளிநாட்டுக்காரர்களுக்கு இது போதாது என்று நானே முடிவு செய்து காட்டாமல் விட்டது. அதை எடுத்துப் போட்டேன். நான் நினைக்கிறேன் என்று பிரெஞ்சில் ஆரம்பித்தேன். ஏனென்றால் என்று தொடர்ந்தேன். அம்மா கேட்கிற கூறையின் களை இதில் இருக்கிறது, ஏனென்றால் அரக்கு. மகள் கேட்கிற மாதிரி கனமில்லை, ஏனென்றால் உடலில் ஜரிகை இல்லை. இதைத் திரும்பத் திரும்பக் கட்டலாம், ஏனென்றால் கண்ணைக் குத்தாது. மூன்று ஏனென்றால். டீச்சர் இருந்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பாள்.

தாயும் மகளும் புடவையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பூர்குவா என்று நான் கேட்டேன், வேறு என்ன கேட்பது? பச்சையால்தானாம். பாரிஸில் ஒவ்வொரு தெருமுனையிலும் மருந்துக்கடை வாசலில் பச்சைச் சிலுவை விளக்கு ஒன்று மின்னிக்கொண்டிருக்குமாம். அதே பச்சை. கல்யாணத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் இருமல் மருந்து ஞாபகம்தான் வரும் என்று மகள் பாதித் தமிழிலும் பாதி பிரெஞ்சிலுமாகச் சொல்ல, அம்மா அவள் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தார். இந்த ஒரு விஷயத்துக்கு அவர்களுக்கு நடுவில் ஆளே தேவைப்படவில்லை. நான் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்ன சொந்தக் கருத்தை இரண்டு பேரும் சேர்ந்து குப்பையில் போட்டார்கள். எனக்குச் சந்தோஷமென்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

கடைசியில் அவர்களே எடுத்தார்கள். அதே அரக்கு, மாம்பழ மஞ்சள் பார்டர், உடலில் அங்கங்கே சின்னப் புட்டா. அம்மா பார்டரில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார், மகள் புட்டாவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாள். வழக்கம்போல நான் மணப்பெண்ணின் தோளில் போட்டுக் காட்டக் கண்ணாடி முன்னால் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. புடவையை என் கையிலிருந்து வாங்கி அம்மாவின் தோளில் போட்டாள்.

"அம்மாக்கு முதல்" என்றாள் தமிழில்.

அந்த அம்மா கூச்சத்தில் நெளிந்தார். எனக்கென்னத்துக்கு, எனக்கென்னத்துக்கு என்று சொல்லிக்கொண்டே முந்தியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். நல்லா இருக்கு என்றாள் மகள். இந்தத் தடவை அந்த வார்த்தைக்குள் எல்லாம் இருந்தது.

புடவை குஞ்சம் கட்ட மேலே போயிருந்தபோது, நான் எங்கே பிரெஞ்சு படிக்கிறேன் என்று அம்மா விசாரித்தார். பி ஒன்னில் தத்தளிக்கிறேன் என்றேன். குடியுரிமைக்காகத் தானும் அதே சோதனைதான் எழுதினாராம், பாஸும் ஆகிவிட்டாராம். பாஸான எனக்கே இந்தக் கதி, நீ கவலைப்படாதே என்று ஆறுதல் சொன்னார். போகும்போது மணப்பெண் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து விடைபெற்றாள். அது அவர்கள் ஊர் வழக்கம். எங்கள் கடை வாசலில் அது வழக்கமில்லை, எதிர்க்கடைக்காரர் ஒரு வாரம் என்னை விசாரித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சிவப்புப் புடவையைத் தானே மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

"நீ பிரெஞ்சுல என்னா பேசினன்னு எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா அடுத்த வாட்டி பில்லு போடறதுக்கு முன்னாடியே சண்டய ஆரம்பிச்சு வச்சுடு."

அவ்வளவுதான். வானிலை நன்றாக இருக்கிறது என்று நான் சொன்ன நாளை அவர் அன்றோடு மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை வகுப்பில் வழக்கமான பாடத்தை டீச்சர் ஆரம்பிப்பதற்கு முன் நானே கையைத் தூக்கினேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான். அவள் நடுநடுவே பூர்குவா என்றாள், நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். நான் முடித்துவிட்டுப் பார்த்தால், பின்னால் என் கணவர் தறியை நிறுத்திவிட்டு வெகு நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னிக்கு எனக்கு வேலையே நடக்கலயே என்றார். சில மாதம் கழித்து சென்னையில் பி ஒன் பரீட்சையும் எழுதினேன். பேச்சுப் பகுதியில் நான் விடாமல் வாதாடியதால் பரீட்சை எடுத்தவரே மணியைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. பாஸ். முழு மார்க்கெல்லாம் இல்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் நிலைமை கொஞ்சம் மோசம். குழம்பு எப்படி என்று கேட்டால் கணவர் பழக்கதோஷத்தில் நல்லா இருக்குது என்பார். நான் பூர்குவா என்பேன். பாவம், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் தேடுவார். போன வாரம் முதன்முதலாக, புளி கொஞ்சம் தூக்கல் என்று சொன்னார். கல்யாணமானதிலிருந்து நான் அப்படித்தான் புளி கரைக்கிறேன், இத்தனை வருஷமும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு ரொம்ப நேரம் இரண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டு காயக் காயப் பேசிக்கொண்டிருந்தோம்.

'நல்லா இருக்கு' என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது, புடவையை மடிக்கலாம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் கை மடிப்பதை நிறுத்திவிடுகிறது, எதிரில் இருப்பவர் இனிமேல்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருக்கிறேன்.